ஒரே பெட்டியில் இரண்டு பாம்பா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. படையை நடுங்க வைத்த அந்தப் பாம்பை இன்று மேல்நாட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு உலாவுகிறான். நாய், பூனை, கிளி, முயல் என்று நாம் செல்லப் பிராணிகளை வரிசைப்படுத்துகிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த வரிசையில் பாம்புக்கும் ஓர் இடம் உண்டு.

அப்படி வீட்டில் வளர்க்கப்படும் பாம்புகளில் மிகவும் பெயர் பெற்றது பந்து மலைப்பாம்பு. அதை வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. நீதிமன்றம் ஏறாத வழக்கு; ஆனால் இரு கட்சிக்காரர்களும் விட்டுக்கொடுப்பதில்லை. வழக்கு இதுதான்: இரண்டு பாம்புகளை ஒரே பெட்டியில் வைத்து வளர்க்கலாமா, கூடாதா?

"பாம்பு வளர்க்காத எங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வாய் பேசாத ஒரு ஜீவனுக்கு எது நல்லது என்று மனிதன் எப்படி முடிவு செய்கிறான்? அதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. நம் வீட்டுக் கூண்டிலே இருக்கும் பறவைக்கும், தொட்டியிலே நீந்தும் மீனுக்கும்கூட இந்தக் கேள்வி பொருந்தும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்கக் கூடாது. ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் கையிலும் வலுவான சாட்சியம் இருக்கிறது. அதையும் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுவது நியாயம்.

பந்தாகும் பாம்பு

மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் பூதம் என்று எண்ணிவிட வேண்டாம். மலைப்பாம்புக் குலத்திலே இது குள்ளன். வளர்ந்த பாம்பு 3 அடி முதல் 5 அடி நீளம்தான் இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ. விஷம் கிடையாது. பயந்துவிட்டால் சீறிப் பாய்வதை விட, தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடலை இறுகச் சுருட்டிப் பந்தாகிவிடுவதே இதன் வழக்கம். அதனால்தான் அந்தப் பெயர்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை ராஜ மலைப்பாம்பு என்பார்கள். 1802-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி இதை வருணித்துப் பெயர் சூட்டினார். அந்த லத்தீன் பெயரில் வரும் 'ரீஜியஸ்' என்ற சொல்லுக்கு அரசனுக்குரியது என்று பொருள்.

இதன் பிறந்தகம் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கில் இவை கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடு சென்றிருக்கின்றன. காட்டிலே பகற்பொழுதை எலி வளையிலும் கரையான் புற்றிலும் கழிக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியாததா? இரவில் வெளியே வந்து இரை தேடும். சிறு பாம்புகளும் ஆண் பாம்புகளும் மரமேறிப் பறவைகளைப் பிடிப்பது உண்டு. பெரிய பாம்புகளுக்கு எலி போன்ற பிராணிகளே முக்கிய உணவு.

இதன் ஆயுளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நல்ல முறையில் வளர்த்தால் 20 ஆண்டு, 30 ஆண்டு சாதாரணமாக வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒரு பெண் பாம்பு 1961-ல் அங்கே வந்து சேர்ந்தது. 2020-ல் அது 7 முட்டைகள் இட்டபோது அதன் வயது 60-ஐத் தாண்டியிருந்தது! அதற்கு முன் 15 ஆண்டுகளுக்கு மேலாக அது எந்த ஆண் பாம்பையும் பார்த்ததில்லை. இது உலகமெங்கும் செய்தியாயிற்று.

ஆகவே பாம்பை எப்படிக் குடிவைப்பது என்ற முடிவு ஒரு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ அல்ல. குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போகும் காலம் வரை நீடிக்கும் முடிவு அது.

துணை தேடும் மனசு

பாம்பை வாங்கி வந்தவனுக்குச் சில மாதங்களில் ஓர் எண்ணம் தோன்றுகிறது. "ஐயோ பாவம், ஒற்றையாகக் கிடக்கிறதே! இன்னொன்று வாங்கிவிட்டால் பேச்சுத் துணை இல்லாவிட்டாலும் படுக்கைத் துணையாவது ஆகுமே!"

இது கெட்ட எண்ணம் அல்ல. மனிதன் கூட்டமாக வாழ்கிறவன். வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவனுக்குத் தொண்டையில் இறங்காது. தனக்குக் கசப்பது மற்ற ஜீவனுக்கும் கசக்கும் என்று நினைக்கிறான். இரக்கம்தான் காரணம்.

ஆனால் இரக்கத்தோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பெட்டி போதும், ஒரு சூடேற்றி போதும், இடமும் மிச்சம், செலவும் மிச்சம். இரக்கம் முன்வாசல் வழியாக வந்தால், இந்தக் கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ல் பிராணி நலச் சட்டம் ஒன்று வந்தது. பிராணியை வைத்திருப்பவன் அதன் ஐந்து தேவைகளைக் கவனித்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிடுகிறது. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வசதி, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய நான்கும் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியவை. ஐந்தாவது தேவையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மற்றப் பிராணிகளோடு சேர்ந்து இருக்க வேண்டியதானால் சேர்ந்தும், விலகி இருக்க வேண்டியதானால் விலகியும் வைக்கப்பட வேண்டும் என்பது அது.

சேர்ந்திருப்பது மட்டும் தேவை அல்ல. விலகியிருப்பதும் தேவையே என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. எந்தப் பிராணிக்கு எது தேவை என்பதை வளர்ப்பவன்தான் அறிந்து நடக்க வேண்டும்.

எதிர்க்கட்சியின் சாட்சியம்

பாம்பு தனியாக வாழும் பிராணி, அதற்கு நட்பும் இல்லை உறவும் இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். "ஆகவே தனியே வை" என்று முடித்துவிடுவது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபமான பதில் இன்று செல்லாது.

கனடாவில் மானிட்டோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே கார்ட்டர் பாம்பு எனப்படும் கோடுபோட்ட சிறு பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் அவை கூட்டமாக வெளிவருவதைக் காண மக்கள் திரண்டு வருகிறார்கள். அந்த இனத்துப் பாம்புகள் தமக்கு வேண்டிய தோழர்களைத் தேர்ந்தெடுத்து ஒதுங்குகின்றன என்று கனடாவின் வில்பிரிட் லாரியர் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் கண்டார்கள்.

அதே ஆராய்ச்சிக் குழுவினர் பிறகு நம் பந்து மலைப்பாம்பையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். விசாலமான ஒரு கூடத்தில் ஆறு இளம் பாம்புகளை விட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஒதுங்கப் போதுமான மறைவிடங்களும் வைத்தார்கள். பத்து நாட்கள் இடைவிடாமல் காமிராவால் படமெடுத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஆறும் தனித்தனி அறை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மறைவிடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாதி நேரத்துக்கு மேல் கழித்தன! அந்த மறைவிடத்தை எடுத்துவிட்டால் வேறொன்றில் மறுபடியும் ஒன்றுகூடின. 2024-ல் இந்த முடிவு வெளியானபோது பாம்பு வளர்ப்பவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

"பார்த்தீர்களா? பாம்பே துணையை விரும்புகிறது. நீங்கள் யார் பிரிப்பதற்கு?" என்று எதிர்க்கட்சிக்காரர் இப்போது மார்தட்டுகிறார். சாட்சியம் வலுவானது, தட்டிக் கழிக்க முடியாது. பாம்புக்கு உறவே தெரியாது என்று இனி யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். தான் இட்ட முட்டைகளைச் சுற்றி வளைந்துகொண்டு, சுமார் இரண்டு மாத காலம் பட்டினி கிடந்து காவல் காக்கும் தாய் இது. அதை வெறும் கயிறு என்று சொல்ல எனக்கும் மனமில்லை.

கதவு எங்கே?

ஆனால் சாட்சியத்தை முழுவதும் கேட்க வேண்டும்.

நார்சிஸில் கூடும் பாம்புகள் வசந்தம் வந்ததும் என்ன செய்கின்றன? பிரிந்து போகின்றன. வயல், சதுப்பு நிலம் என்று ஆளுக்கொரு திசை. அடுத்த குளிர்காலத்தில்தான் மறுபடியும் கூடுகின்றன. பாறைக்குக் கதவு இல்லை.

சோதனைக் கூடத்தில் கூடிய ஆறு பாம்புகளுக்கும் வேண்டாமென்றால் வேறிடம் போக வழி இருந்தது. எந்த நிமிஷமும் எழுந்து போகலாம் என்ற நிலையில் அவை சேர்ந்திருந்தன. அதனால்தான் அந்தச் சேர்க்கைக்கு அர்த்தம் உண்டு. மேலும் அவை இளம் பாம்புகள். இருந்தது பத்து நாட்கள். வீட்டுப் பெட்டியிலோ முப்பது ஆண்டுகள்!

இன்னொரு சான்றும் காட்டுவார்கள். பெனின் நாட்டில் விதா என்னும் கடற்கரைப் பட்டணத்தில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே பந்து மலைப்பாம்புகளைத் தெய்வமாகப் போற்றுகிறார்கள். ஒரே அறைக்குள் பல பத்துப் பாம்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதை உல்லாசப் பிரயாணிகள் போட்டோ எடுத்து வருகிறார்கள். "அங்கே இருக்கவில்லையா?" என்று கேட்பார்கள். இருக்கின்றன. ஆனால் அந்தக் கோயில் பாம்புகளை அவ்வப்போது இரவிலே வெளியே விட்டுவிடுவார்கள். அவை ஊருக்குள் போய் இரை தேடும். யார் வீட்டிலாவது நுழைந்துவிட்டால் அந்த வீட்டார் அடிக்க மாட்டார்கள். மரியாதையாகக் கொண்டுவந்து கோயிலில் சேர்ப்பார்கள். அங்கேயும் வெளியே போக வழி இருக்கிறது.

நம் நண்பர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் கதவு யார் கையில் இருக்கிறது? பாம்பின் கையில் அல்ல. இதுதான் என் வாதம். கூடிவாழ உரிமை உண்டு என்றால், பிரிந்து போகவும் உரிமை இருக்க வேண்டும். பிரிய முடியாத கூட்டுக்கு நட்பு என்று பெயரில்லை. ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நாம் சிரித்துப் பேசுகிறோம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கலாம் என்பதால் அந்தச் சிரிப்பு வருகிறது. முப்பது வருஷம் இறங்கவே முடியாது என்றால்?

பாசமா, போட்டியா?

பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் சூடு பெற வேண்டும். ஆகவே பெட்டியின் ஒரு கோடியை 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ் சூட்டிலும், மறுகோடியை 25 டிகிரி அளவிலும் வைப்பார்கள். இரை செரிக்கச் சூடான மூலை வேண்டும். உடம்பு போதுமென்றால் குளிர்ந்த மூலைக்குப் போக வேண்டும். இந்தப் போக்குவரத்துதான் அதன் ஆரோக்கியம்.

ஒரு பெட்டியில் இரண்டு பாம்பு இருந்தால் இரண்டுக்கும் வேண்டியது அந்த ஒரே சூடான மூலை. ஒன்று படுத்துக்கொள்கிறது. மற்றது அதன்மேல் ஏறிப் படுக்கிறது. வீட்டுக்காரர் பார்த்து, "எவ்வளவு பாசம்! கட்டிக்கொண்டு தூங்குகின்றன" என்று பூரிக்கிறார். அது பாசமாகவும் இருக்கலாம். இடத்துக்கு நடக்கும் போட்டியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும். நாம் அறிய மாட்டோம்.

நாய் வலித்தால் குரைக்கும். பூனை வெறுத்தால் நகத்தைக் காட்டும். பாம்புக்கு முகபாவம் இல்லை, குரலும் இல்லை. அது தன் துன்பத்தைக் காட்டும் முக்கிய வழிகளில் ஒன்று சாப்பிட மறுப்பது. ஆனால் பந்து மலைப்பாம்பு சாதாரணமாகவே சில மாதங்கள் உண்ணாவிரதம் இருக்கக்கூடியது! ஆகவே தோழனால் வந்த வேதனையா, பருவத்தால் வந்த பட்டினியா என்று கண்டுபிடிப்பதற்குள் ஒன்று மெலிந்துவிடும், மற்றது கொழுத்துவிடும்.

மெளனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். பிராணி வளர்ப்புக்குப் பொருந்தாது.

சாப்பாட்டு வேளை

இரை போடும் நேரத்தில் அபாயம் கண்ணுக்கே தெரியும். மலைப்பாம்பு சூட்டையும் வாசனையையும் கொண்டு இரையைக் கண்டுபிடிக்கிறது. அதன் உதட்டோரத்துக் குழிகள் சூட்டை உணரும் கருவிகள். எலியின் வாசனை பெட்டிக்குள் பரவியதும், அசைவதெல்லாம் இரையாகத் தோன்றும். ஒரு எலியை இரண்டு பாம்பும் இரு பக்கமிருந்து கவ்விவிட்டால் இரண்டுமே லேசில் விடாது. காயம் நிச்சயம். ஒன்றையொன்று விழுங்கும் விபத்து இந்த இனத்தில் அரிது. அரிது என்றாலும், நடந்த பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை.

"சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பிரித்துவிடுகிறோம்" என்பார்கள் சிலர். இரை உண்ட பாம்பைக் கையால் தூக்கி மறுபடியும் இடம் மாற்றினால், உண்டதைக் கக்கிவிடக்கூடும். எச்சம் பெட்டியில் கிடந்தால் அது யாருடையது? கக்கியது எது? இரண்டு பாம்பு இருக்கும் பெட்டியில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பாம்பின் வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவதே இந்தப் பதில்தான்.

ஒன்றுக்கு வந்தால் இரண்டுக்கும்

நோயைப் பற்றிச் சொன்னால் வாதமே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பாம்பின் செதில் இடுக்கில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் சிறு உண்ணிகள் இருக்கின்றன. ஒரு பாம்புக்கு வந்தால் பெட்டியில் இருக்கும் மற்றதற்கும் வந்தே தீரும். இதற்கு மருந்து உண்டு. மருந்தில்லாத நோய்களும் உண்டு.

2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஞ்ஞானிகள் மலைப்பாம்புகளின் மூச்சுக்குழல் நோயை ஆராய்ந்தபோது நிடோவைரஸ் என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இது தொற்றிய பாம்பு வாயில் சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கித் திணறும். இன்னொன்று, 2012-ல் அரினாவைரஸ் வகைக் கிருமியோடு சம்பந்தப்படுத்தப்பட்ட நோய். அது நரம்பைத் தாக்கும். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டு வானத்தை வெறித்துப் பார்ப்பதுபோல் கிடக்கும். கவிழ்த்துப் போட்டால் நிமிரத் தெரியாமல் தவிக்கும். இந்த இரண்டையும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இதிலே கொடுமை என்னவென்றால், கிருமியைச் சுமக்கும் பாம்பு பல நாள் ஆரோக்கியமாகவே காட்சியளிக்கும். கடையில் பளபளவென்று இருந்த பாம்பைத் துணைக்கு என்று வாங்கி வருவோம். கூடவே கிருமியும் வந்திருக்கும்.

அதனால்தான் அனுபவசாலிகள் புதுப் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், வேறு பாத்திரத்தில், தனியே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்கு எப்படியும் இரண்டாவது பெட்டி வேண்டும். வாங்கிய பெட்டியை அதன்பின் ஏன் தூக்கிப் போட வேண்டும்? அதிலேயே இருக்கட்டுமே!

ஆணும் பெண்ணும்

"இரண்டும் பெண் பாம்புதான், கடைக்காரர் சொன்னார்" என்பார்கள். பாம்பில் ஆண், பெண் பார்த்துச் சொல்வது அனுபவமுள்ளவர் வேலை. தவறுவது சகஜம். தவறினால் தண்டனை பெண் பாம்புக்கு.

ஆண் பாம்பு சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். பெண்ணுக்கு அதிக காலம் ஆகும். ஒரு கிலோவுக்கு மேல் உடம்பு தேறிய பிறகே அது முட்டையிடத் தகுதி பெறும். ஒரே பெட்டியில் இருந்தால் இந்தக் கணக்கை யார் பார்ப்பது? உடம்பு தேறாத இளம் பெண் பாம்பு ஒரு சூலில் நாலைந்து பெரிய முட்டைகளைச் சுமந்து, பட்டினியும் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முட்டை வெளிவராமல் சிக்கி இறப்பதும் உண்டு. இரண்டும் ஆண் என்றாலும் தொல்லைதான். பருவகாலத்தில் ஒன்றையொன்று முறுக்கி அழுத்தி மல்யுத்தம் செய்யும். காட்டில் தோற்றவன் ஓடிவிடுவான். பெட்டியில் தோற்றவன் எங்கே ஓடுவான்?

தனியிருப்பு வேறு, சிறை வேறு

இப்போது என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தனியே வை என்று சொன்னதும், அலமாரி இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் தட்டில், உடம்பை நீட்டக்கூட இடமில்லாமல் ஒவ்வொன்றாக அடைத்து வரிசையாக அடுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வியாபாரத்துக்காகக் குஞ்சு பொரிக்க வைப்பவர்களிடம் இந்த வழக்கம் அதிகம். "தனியாகத்தானே வைத்திருக்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் அது என் வாதத்துக்குத் துணையாகாது.

தனியிருப்பு என்றால் முழு உடம்பையும் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஏறிப் பார்க்கக் கிளை வேண்டும். முழுகக் கூடிய தண்ணீர்ப் பாத்திரம் வேண்டும். துணையைக் கொடுக்கவில்லை என்றால் அதற்கு ஈடாக இடத்தையாவது தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

"இரண்டு பெட்டிக்கு வசதியில்லை" என்பவருக்கு என் பதில் சுருக்கமானது. இரண்டாவது பெட்டிக்குப் பணமில்லை என்றால், இரண்டாவது பாம்புக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?

ஆராய்ச்சி முன்னேறி, நாளைக்கே வேறு உண்மை வெளிவரலாம். பெரிய மிருகக்காட்சி சாலைகள், வைத்தியர் துணையோடு, விசாலமான கூடத்தில், பல மறைவிடங்களும் பல சூடான மூலைகளும் அமைத்துப் பாம்புகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். அது அறிவுக்கு லாபம். ஆனால் அந்தச் சோதனையை வீட்டு வரவேற்பறையில் நடத்துவது வேறு. அங்கே சோதனை தோற்றால் நஷ்டம் பாம்புக்கு. பார்த்து மகிழ்ந்த லாபம் நமக்கு. லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு என்றால் அது நியாயமான பேரமா?

நம் ஊருக்கும் வந்த பாம்பு

இது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து உரிமை கோருவார் இல்லாமல் கிடந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. கூடவே வேறு பிராணிகளும் இருந்தன. எல்லாவற்றையும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் இத்தகைய கடத்தல் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாங்குகிறவன் இருப்பதால்தான் கடத்துகிறவன் இருக்கிறான்.

பந்து மலைப்பாம்பு சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பிராணி. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு முறைக்கான விதிகள் 2024-ல் வந்தன. நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பதோ குற்றமே.

பெட்டிக்குள் 45 பாம்புகளைத் திணித்தவனும் ஒருவகையில் "சேர்த்துத்தான்" வைத்தான். அவனையும், துணைக்கு என்று இரண்டைச் சேர்த்து வைக்கும் நல்ல மனசுக்காரரையும் ஒரே தட்டில் நிறுத்த மாட்டேன். ஒருவன் பணத்துக்குச் செய்தான்; மற்றவர் இரக்கத்தால் செய்கிறார். ஆனால் பாம்புக்கு மூடி மூடிதான். மூடியவர் மனசு எப்படிப்பட்டது என்பது உள்ளே இருப்பதற்குத் தெரியாது.

ஆகவே பாம்பு வளர்ப்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் பாம்புக்குத் துணை வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் துணை பிடிக்காவிட்டால் அது எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். போக வழி காட்ட முடிந்தால் சேர்த்து வைப்பதைப் பற்றிப் பேசலாம். காட்ட முடியாதவரை, ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி என்பதே நியாயம்.